முதல் காதுப் பரிசோதனையில் ‘ரெஃபர்’ வந்தால் மூன்றாம் மாதம் வரை காத்திருக்கலாமா?

கேள்வி: எங்களுக்கு மகன் பிறந்து ஒன்பது நாள் ஆகிறது. மதுரையில் சிசேரியன். இரண்டாம் நாள் காதில் ஒரு சின்னக் கருவியை வைத்துப் பார்த்தார்கள். வலது காது ‘பாஸ்’, இடது காது ‘ரெஃபர்’ என்று சீட்டில் எழுதி, மூன்று வாரம் கழித்து வரச் சொன்னார்கள். மனைவியும் குழந்தையும் இப்போது அருப்புக்கோட்டையில் அவள் அம்மா வீட்டில் இருக்கிறார்கள். நான் கோவையில் வேலை பார்க்கிறேன். “கை தட்டினால் திடுக்கிடுகிறானே, எதற்கு இப்போது அலைய வேண்டும்? மூன்றாம் மாதம் கோவைக்கு வந்ததும் பார்த்துக்கொள்ளலாம்” என்கிறார்கள் வீட்டுப் பெரியவர்கள். காத்திருக்கலாமா?

பதில்:

காத்திருக்க வேண்டாம். மூன்று வாரம் என்று சொன்ன தேதிக்கே மதுரைக்குப் போய்விடுங்கள்.

உங்கள் மகனுக்குக் காது நன்றாகக் கேட்கவே வாய்ப்பு அதிகம். முதல் பரிசோதனையில் ரெஃபர் வரும் குழந்தைகளில் மிகப் பெரும்பாலானவர்கள் மறுபரிசோதனையில் தேறிவிடுகிறார்கள். தேறாமல் போகும் அந்தச் சிலர் யார் என்பது மறுபடி வந்து பார்த்தால்தான் தெரியும். நான் ஆடியாலஜிஸ்ட். பச்சிளங்குழந்தைகளின் காதைப் பரிசோதிப்பதுதான் என் வேலை. ‘மூன்றாம் மாதம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று கேட்கும்போதெல்லாம் எனக்குக் கவலை வரும். ஏனென்றால் மூன்றாம் மாதத்துக்குள் எல்லாப் பரிசோதனையும் முடிந்து, குறை இருக்கிறதா இல்லையா என்று உறுதியாகியிருக்க வேண்டும். நீங்கள் அப்போதுதான் தொடங்குவதாகச் சொல்கிறீர்கள்.

இரண்டாம் நாள் வைத்துப் பார்த்தது பெரும்பாலும் ஓ.ஏ.ஈ. கருவியாக இருக்கும். அதன் மெத்தென்ற முனைக்குள் ஒரு குட்டி ஸ்பீக்கரும் ஒரு மைக்கும் உண்டு. உள்காதில் காக்ளியா என்ற சுருண்ட உறுப்பில் மயிர்ச்செல்கள் வரிசையாக இருக்கின்றன. வெளியிலிருந்து ஒலி போனதும், வெளிவரிசைச் செல்கள் அசைந்து மிக நுண்ணிய ஒலி ஒன்றைத் திருப்பி அனுப்புகின்றன. 1978-ல் லண்டனில் டேவிட் கெம்ப் என்ற விஞ்ஞானி இதை அளந்து காட்டினார். தூங்கும் குழந்தையின் காதைச் சில நிமிடங்களில் சோதிக்க முடிவது அந்தக் கண்டுபிடிப்பால்தான். குழந்தை எதுவும் செய்ய வேண்டியதில்லை, வலியும் கிடையாது.

திரும்பி வரும் அந்த ஒலி மிகச் சன்னமானது. நடுக்காதையும் காதுத் துவாரத்தையும் தாண்டித்தான் அது மைக்குக்கு வர வேண்டும். பிறந்த முதல் ஓரிரு நாளில் துவாரத்தில் வெள்ளை மாவு ஒட்டியிருக்கும், நடுக்காதில் பனிக்குட நீரின் மிச்சம் இருக்கும். சிசேரியனில் பிறந்த குழந்தைகளுக்கு முதல் 48 மணி நேரத்தில் ரெஃபர் சற்று அதிகமாக வருவதைப் பல ஆய்வுகள் பார்த்திருக்கின்றன. குழந்தை சிணுங்கினாலும், முனை சரியாக உட்காராவிட்டாலும், வார்டில் சத்தம் இருந்தாலும் ரெஃபர்தான் வரும். ஆகவே அந்தச் சீட்டில் இருப்பது ‘இன்னொரு முறை பார்க்க வேண்டும்’ என்ற செய்தி மட்டுமே. காது கேட்கவில்லை என்று அது சொல்லவில்லை. கேட்கிறது என்றும் சொல்லவில்லை.

கை தட்டிப் பார்ப்பதைப் பற்றி விவரமாகச் சொல்ல வேண்டும். பெரியவர்கள் பொய் சொல்லவில்லை. குழந்தை திடுக்கிடத்தான் செய்யும். உங்கள் மகனுக்கு வலது காது பாஸ் ஆகியிருக்கிறது. அந்த ஒரு காது போதும் திடுக்கிட. இடது காதைப் பற்றிக் கைதட்டல் உங்களுக்கு எதுவும் சொல்லாது. இரண்டு காதும் பாதித்த குழந்தைகள்கூட வீட்டுச் சோதனையில் தேறிவிடுவது உண்டு. தட்டு கீழே விழுந்தால் தரை அதிர்கிறது, கதவு அடித்தால் காற்று முகத்தில் படுகிறது, கை தட்டுபவரின் நிழல் அசைகிறது. அதோடு, ஓரளவு மட்டும் கேட்கும் குழந்தைக்குப் பிரஷர் குக்கர் விசில் கேட்கும், பக்கத்தில் உட்கார்ந்து அம்மா மெதுவாகப் பேசுவது கேட்காது. பேச்சைக் கற்றுக்கொள்ள அந்த மெல்லிய ஒலிகள்தான் வேண்டும். ‘ச’, ‘ஃப’ போன்ற ஒலிகள் பேச்சிலேயே மிகவும் சன்னமானவை. அவை தவறினால் பாதிச் சொல் தவறிவிடும்.

குழந்தை ‘ங்கா’ சொல்கிறது, குரல் கொடுக்கிறது என்பதும் சான்று ஆகாது. பிறவியிலேயே காது கேளாத குழந்தைகளும் முதல் சில மாதங்கள் அழகாகக் குரல் எழுப்புவார்கள். ‘பபப’, ‘மமம’ என்று எழுத்துகளைக் கோத்துப் பேசும் மழலை வழக்கமாக ஆறு முதல் பத்து மாதத்துக்குள் வரும். அது வராதபோதுதான் வித்தியாசம் தெரியத் தொடங்கும். அப்போதும் “இவங்க அப்பாவே மூணு வயசுலதான் பேசினான்” என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். இப்படித்தான் இரண்டு வயது, மூன்று வயதில் முதன்முறையாகக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்.

அந்த வயதில் வந்தால் என்ன குறைந்துவிடும் என்று கேட்கலாம். கருவில் கடைசி மூன்று மாதமே குழந்தை தாயின் குரலைக் கேட்கத் தொடங்கிவிடுகிறது. ஒலியைப் பிரித்தறியும் மூளைப் பகுதி, வந்து சேரும் ஒலியைக் கொண்டுதான் தன்னை அமைத்துக்கொள்கிறது. ஒலியே வராவிட்டால் அந்த இடம் வேறு வேலைக்குப் போய்விடுகிறது. அமெரிக்காவில் அனு சர்மா மூளை அலைகளை வைத்துச் செய்த ஆய்வுகளில், பிறவியிலேயே கேளாத குழந்தைக்கு மூன்றரை வயதுக்குள் காக்ளியர் இம்ப்ளான்ட் (ஆபரேஷன் செய்து உள்காதில் வைக்கும் கருவி) பொருத்தினால் மூளையின் செவிப்பகுதி பெரும்பாலும் வயதுக்கேற்ற நிலையை எட்டியது. ஏழு வயதுக்கு மேல் பொருத்தியவர்களில் பெரும்பாலும் அப்படி நடக்கவில்லை. இன்னொன்று, 1998-ல் கொலராடோவில் கிறிஸ்டின் யோஷினாகா-இடானோ குழுவினர் வெளியிட்ட ஆய்வு. ஆறு மாதத்துக்கு முன்பே குறையைக் கண்டுபிடித்து உதவி தொடங்கிய குழந்தைகள், பிறகு கண்டுபிடிக்கப்பட்டவர்களைவிட மொழியில் தெளிவாக முன்னால் இருந்தார்கள். குடும்ப வசதி, கேளாமையின் அளவு எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் அந்த வித்தியாசம் நின்றது.

இதையெல்லாம் வைத்துத்தான் ஒன்று-மூன்று-ஆறு என்ற கணக்கு வந்தது. ஒரு மாதத்துக்குள் முதல்கட்டப் பரிசோதனைகள் முடிய வேண்டும், மூன்று மாதத்துக்குள் குறை இருக்கிறதா என்று உறுதியாக வேண்டும், ஆறு மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும் தொடங்கியிருக்க வேண்டும். முடிந்த இடங்களில் இதையே ஒன்று-இரண்டு-மூன்று மாதமாகச் சுருக்கச் சொல்லி 2019-லேயே அமெரிக்க வல்லுநர் குழு பரிந்துரைத்துவிட்டது.

இனி உங்கள் விஷயம். மூன்று வாரம் கழித்துப் போகும்போது இரண்டு காதையும் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். ‘வலது பாஸ் ஆயிடுச்சே’ என்று இடதை மட்டும் பார்ப்பது சரியல்ல. முடிந்தால் ஏ.ஏ.பி.ஆர். என்ற பரிசோதனையைக் கேளுங்கள். நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஒட்டும் சிறு பட்டைகள் மூலம், ஒலி நரம்பு வழியாக மூளைத்தண்டு வரை போகிறதா என்று அது பார்க்கும். ஓ.ஏ.ஈ. காக்ளியாவோடு நின்றுவிடும். காக்ளியா நன்றாக இருந்து நரம்பில் மட்டும் கோளாறு இருந்தால் ஓ.ஏ.ஈ. பாஸ் என்றுதான் காட்டும். அதனால்தான் பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் ஐந்து நாளுக்கு மேல் இருந்த குழந்தைகளுக்கும், ரத்தம் மாற்றும் அளவுக்கு மஞ்சள் காமாலை ஏறிய குழந்தைகளுக்கும் ஏ.ஏ.பி.ஆர். கட்டாயம் வேண்டும் என்கிறோம். வெறும் லைட்டில் வைத்து இறங்கிய காமாலைக்கு அந்த அளவு கவலை தேவையில்லை.

இன்னொரு விஷயத்துக்கு நாள் கணக்கு உண்டு, அதனால் இப்போதே சொல்கிறேன். சி.எம்.வி. என்ற வைரஸ் கர்ப்பத்தில் தாயிடமிருந்து குழந்தைக்குப் போகலாம். தாய்க்கு ஒரு அறிகுறியும் இருந்திருக்காது. பரம்பரை சாராத பிறவிக் கேளாமைக்கு முக்கியமான காரணங்களில் இது ஒன்று. குழந்தையின் சிறுநீரிலோ உமிழ்நீரிலோ இதைப் பிறந்த 21 நாளுக்குள் பார்த்தால்தான் பிறவித் தொற்று என்று உறுதியாகச் சொல்ல முடியும். அதற்குப் பிறகு வந்தால் வெளியில் பிறந்தபின் ஒட்டியதா, கருவிலேயே வந்ததா என்று பிரிக்க முடியாது. உங்கள் மறுபரிசோதனைத் தேதி இந்த 21 நாளைத் தாண்டிப் போகிறது. நம் ஊரில் இதை எல்லா இடத்திலும் வழக்கமாகச் செய்வதில்லை. ஆகவே உங்கள் குழந்தைநல மருத்துவரிடம் இந்த வாரமே போனில் ‘காது ரெஃபர் ஆகியிருக்கிறது, சி.எம்.வி. பார்க்க வேண்டுமா?’ என்று கேட்டுவிடுங்கள்.

மறுபரிசோதனையிலும் ரெஃபர் வந்தால் அடுத்தது பெரா. ஒவ்வொரு காதிலும் எவ்வளவு மெல்லிய ஒலி வரை மூளைத்தண்டுக்குப் போய்ச் சேர்கிறது என்று விரிவாக அளக்கும் பரிசோதனை அது. இங்கேதான் மூன்றாம் மாதம் என்ற யோசனை உங்களைச் சிக்கலில் விடும். பெராவுக்குக் குழந்தை ஒரு மணி நேரமாவது அசையாமல் தூங்க வேண்டும். ஒன்று, இரண்டு மாதக் குழந்தை பால் குடித்ததும் தானாகத் தூங்கிவிடும். மூன்று, நான்கு மாதம் ஆகிவிட்டால் வேடிக்கை பார்க்கும், ஒயரைப் பிடித்து இழுக்கும். பிறகு தூக்க மருந்து, அதற்கு ஒரு மருத்துவர், அரைகுறைத் தூக்கத்தில் விழித்துவிட்டால் இன்னொரு நாள் என்று இழுத்துக்கொண்டே போகும். நேரத்தோடு வந்தால் இவ்வளவும் மிச்சம். பெரா நாளன்று கிளம்பும்போது தூங்கவிடாமல், பசியோடு கூட்டி வாருங்கள். பரிசோதனை அறைக்கு வந்தபின் அம்மா பால் கொடுத்தால் மடியிலேயே தூங்கும். தலைக்கு எண்ணெய் வைத்திருந்தால் பட்டை ஒட்டாது, அன்று மட்டும் வேண்டாம்.

பெரா ரிப்போர்ட் வாங்கும்போது ‘கிளிக்’ ஒலிக்கு மட்டும் பார்த்தார்களா என்று கேளுங்கள். கிளிக் பெரும்பாலும் உயர்ந்த சுருதிப் பகுதியைத்தான் காட்டும். 500 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரை தனித்தனி சுருதியில் எவ்வளவு கேட்கிறது என்று தெரிந்தால்தான் கருவியைச் சரியாக அமைக்க முடியும். மண்டை எலும்பு வழியாக ஒலியை அனுப்பியும் பார்த்திருந்தால், கோளாறு நடுக்காதிலா உள்காதிலா என்பது தெரிந்துவிடும். நடுக்காதில் நீர் இருந்தால் அதற்கான வைத்தியம் வேறு. நடுக்காதைப் பார்க்கும் டிம்பனோமெட்ரியையும் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 1000 ஹெர்ட்ஸில் செய்ய வேண்டும். பெரியவர்களுக்கான 226 ஹெர்ட்ஸில் செய்தால் நீர் இருந்தும் இல்லாதது போலக் காட்டலாம்.

அப்புறம் ஊர் மாற்றம். அமெரிக்காவில் 100 குழந்தைகளில் சுமார் 98 பேருக்குப் பிறந்ததும் காதுப் பரிசோதனை நடந்துவிடுகிறது. அங்கேயே, தேறாத குழந்தைகளில் நான்கில் ஒரு பங்கோ அதற்கு மேலோ அடுத்த கட்டத்துக்கு வந்ததாகப் பதிவில்லாமல் காணாமல் போகிறார்கள். நம் ஊரில் இதற்கு நமக்கே உரிய ஒரு காரணம் இருக்கிறது. பிரசவம் தாய் வீட்டில், மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ கணவர் ஊர். முதல் பரிசோதனை செய்த மருத்துவமனைக்குக் குழந்தை திரும்பி வராது, புது ஊரில் யாருக்கும் பழைய ரிப்போர்ட் தெரியாது. மருத்துவமனைப் பதிவேட்டில் தாத்தாவின் போன் நம்பர் இருக்கும். மருத்துவமனையிலிருந்து அழைத்தால் ‘அவங்க ஊருக்குப் போயிட்டாங்களே’ என்று பதில் வரும். தீட்டு, நாற்பது நாள் வெளியே போகக் கூடாது என்பதும் சேர்ந்துகொள்ளும். யாருமே அலட்சியமாக இல்லாத வீட்டில்கூட இப்படி நான்கு மாதம் போய்விடுகிறது.

கொச்சியில் 2003-ல் குழந்தைநல மருத்துவர்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். ஒவ்வொரு மருத்துவமனையும் கருவி வாங்க முடியாது என்பதால், பயிற்சி பெற்ற ஒருவர் கருவியை எடுத்துக்கொண்டு மருத்துவமனை மருத்துவமனையாகப் போய்ப் பரிசோதித்தார். ரெஃபர் வந்த குழந்தைகளுக்கு, ஆறாம் வாரத் தடுப்பூசிக்கு வரும்போது மறுபரிசோதனை. நம் வீடுகளில் எது தவறினாலும் 45 நாள் ஊசி தவறாது என்பதை அவர்கள் சரியாகப் புரிந்துகொண்டார்கள். உங்களுக்கும் அதையே சொல்வேன். மூன்று வாரத் தேதி ஏதோ காரணத்தால் தவறினால், கடைசி எல்லை அந்த 45 நாள் ஊசி. அதற்கு அப்பால் தள்ளாதீர்கள். மருத்துவமனைப் பதிவில் உங்கள் நம்பரையும் மனைவியின் நம்பரையும் சேர்க்கச் சொல்லுங்கள். அருப்புக்கோட்டையிலிருந்து மதுரை ஒரு பஸ் தூரம்தான். மறுபரிசோதனையையும், தேவைப்பட்டால் பெராவையும் அங்கேயே முடித்துவிட்டு, ரிப்போர்ட்டோடு கோவைக்கு வாருங்கள்.

செலவு யோசனை இருந்தால்: 2013-ல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்த்ய கார்யக்ரம் என்ற அரசின் குழந்தைநலத் திட்டம் கவனிக்கும் குறைகளில் பிறவிக் கேளாமையும் ஒன்று. அதற்கான மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்தை டி.இ.ஐ.சி. என்று கேட்டால் அரசு மருத்துவமனையில் வழிகாட்டுவார்கள். கிராம சுகாதார செவிலியரிடமும் சொல்லலாம், 104 என்ற மருத்துவ உதவி எண்ணிலும் கேட்கலாம்.

குறை உறுதியானால் என்ன ஆகும் என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், பயம் குறையும். சில வாரக் குழந்தைக்கே காது கேட்கும் கருவி பொருத்தலாம். குழந்தையின் காதுத் துவாரம் மிகச் சிறியது என்பதால் அதே கருவி பெரியவர் காதில் தருவதைவிட அதிக அழுத்தத்தில் ஒலி தரும். அதை அளந்துதான் அமைக்க வேண்டும். காது வளர வளர, கருவியைக் காதுக்குள் பிடித்து வைக்கும் அச்சு தளர்ந்து ‘கீ’ என்று விசில் அடிக்கும், முதல் வருடத்தில் அச்சை அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கும். பல பெற்றோர் இந்த விசிலைக் கேட்டுக் கருவியே சரியில்லை என்று கழற்றிப் பெட்டியில் வைத்துவிடுகிறார்கள். புது அச்சு எடுத்தால் போதும். விழித்திருக்கும் நேரமெல்லாம் கருவி காதில் இருக்க வேண்டும்.

கருவியால் போதுமான பலன் இல்லாத, இரண்டு காதும் கடுமையாகப் பாதித்த குழந்தைகளுக்கு ஒரு வயதை ஒட்டி காக்ளியர் இம்ப்ளான்ட் செய்கிறார்கள். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட தகுதியுள்ள குழந்தைகளுக்கு இது கிடைக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கு உதவிக் கருவிகள் தரும் மத்திய அரசின் ஆடிப் திட்டத்திலும் உண்டு. ஆறு வயது வரை நேரம் இருக்கிறது என்று இதைப் படிக்காதீர்கள். அது திட்டத்தின் வரம்பு, மூளை அவ்வளவு காலம் காத்திருக்காது. ஆபரேஷன் முடிந்ததும் குழந்தை பேசிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். கேட்கப் பழகும் பயிற்சி வருடக்கணக்கில் நடக்கும், அதில் பாதிக்கு மேல் வீட்டில்தான். சென்னையில் 1969 முதல் இயங்கும் பால வித்யாலயா போன்ற பள்ளிகள் அம்மாவையும் சேர்த்து உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பது இதனால்தான். சில குடும்பங்கள் சைகை மொழியையும் சேர்த்துக்கொள்கிறார்கள், அதில் தவறே இல்லை. குழந்தைக்கு முதல் வருடத்திலேயே ஒரு மொழி முழுமையாகக் கிடைக்க வேண்டும்.

ஒரு காதில் மட்டும் குறை என்று வந்தால் ‘ஒண்ணு போதுமே’ என்று விட்டுவிடாதீர்கள். ஒலி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கவும், இரைச்சலான வகுப்பறையில் டீச்சர் பேசுவதைப் பிடிக்கவும் இரண்டு காது வேண்டும். நன்றாகக் கேட்கும் காதையும் அவ்வப்போது பரிசோதிக்க வேண்டும்.

எல்லாம் பாஸ் ஆனாலும் கண் வைத்திருங்கள். சில கேளாமை பிறகு வரும்: சி.எம்.வி., மூளைக்காய்ச்சல், சில பரம்பரை வகைகள். ஆறு மாதத்தில் சத்தம் வரும் பக்கம் திரும்பாவிட்டால், பத்து மாதத்தில் மழலை இல்லாவிட்டால், ஒரு வயதில் பேர் சொல்லி அழைத்தும் பார்க்காவிட்டால், பழைய பாஸ் சீட்டை நம்பாமல் மறுபடி வாருங்கள். குளிப்பாட்டும்போது காதில் எண்ணெய் விடுவதும் ஊதுவதும் வேண்டவே வேண்டாம். அழுக்கு எடுக்கிறேன் என்று பட்ஸ் போடுவதும் வேண்டாம்.

கடைசியாக உங்கள் மனைவியைப் பற்றி. பிரசவமாகி ஒன்பது நாள், வயிற்றில் தையல், தூக்கம் இல்லை. இந்த நேரத்தில் ‘கிரகணத்தன்னிக்கு வெளியே போனியா?’, ‘அந்த மாத்திரையைச் சாப்பிட்டதாலதான்’ என்ற பேச்சு வீட்டில் எழலாம். பிறவிக் கேளாமையுள்ள குழந்தைகளில் 100-க்குச் சுமார் 90 பேர், காது நன்றாகக் கேட்கும் பெற்றோருக்குத்தான் பிறக்கிறார்கள். பரம்பரைக் காரணங்களில் இந்தியாவில் அடிக்கடி காணப்படுவது கனெக்சின் 26 என்ற மரபணு மாற்றம். அப்பாவிடமிருந்து ஒரு பிரதி, அம்மாவிடமிருந்து ஒரு பிரதி என்று இரண்டும் சேர்ந்தால்தான் பாதிப்பு வரும். சொந்தத்தில் மணமுடித்தவர்களுக்கு அந்த வாய்ப்பு கூடுதல். கிரகணத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இதை வீட்டில் நீங்கள்தான் சொல்ல வேண்டும். மறுபரிசோதனை நாளன்று லீவு போட்டுவிட்டு மதுரைக்குப் போய்விடுங்கள். முடிவு எதுவானாலும் அவர் தனியாக உட்கார்ந்து கேட்க வேண்டாம். டிஸ்சார்ஜ் சம்மரியையும் முதல் பரிசோதனைச் சீட்டையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.